கண்ணில் டார்ச் அடித்து டாக்டர்கள் தேடுவது எதை?

"நெஞ்சு ஏறி ஏறி இறங்குது. உடம்பு சுடுது. கையப் புடிச்சுப் பார்த்தேன், நாடி ஓடுது. அப்புறம் எம்புள்ள போயிட்டான்னு எப்பிடிப்பா சொல்றாங்க?"

ஐ.சி.யூ வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா இப்படிக் கேட்டார். சொந்தப் பெரியம்மா இல்லை. தெள்ளாரில் எங்கள் தெருக்காரர். பட்டுத்தறிக் குடும்பம். அவருடைய மூத்த மகனை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நெய்த சேலைகளை ஆரணியில் கொடுத்துவிட்டு ராத்திரி பைக்கில் திரும்பிய அண்ணன், வந்தவாசி தாண்டி திண்டிவனம் சாலையில் விழுந்துகிடந்தார். ஹெல்மெட் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வந்தவாசியில் முதலுதவி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் காலையில், "மூளைச்சாவுக்கான சோதனை செய்யப்போகிறோம்" என்றார்கள்.

பெரியம்மா கேட்டதில் தப்பே இல்லை. சாவு என்றால் மூச்சு நிற்கும், உடம்பு சில்லிடும் என்றுதான் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கே இரண்டும் இல்லை. பதில் சொல்லத் தெரியாமல் நான் நின்றேன்.

அப்போது ஓர் இளம் டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு காம்பு வரைந்தார். அதில் மேலிருந்து கீழாகப் புள்ளிகள் வைத்தார். "அம்மா, இந்தப் புள்ளி ஒவ்வொண்ணா தட்டிப் பார்க்கப்போறோம். ஒண்ணாவது பதில் சொன்னா விடமாட்டோம்" என்றார். அந்தப் புள்ளிகள் என்ன என்று நான் புரிந்துகொள்ள வெகுநாள் ஆயிற்று. அந்த வாசலில் நிற்கும்போது யாருக்கும் பாடம் ஏறாது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

காம்பில் இருக்கும் புள்ளிகள்

ஒரு காலிஃப்ளவரை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பூவாக விரிந்திருப்பது பெருமூளை. யோசிப்பது, பேசுவது, கோபப்படுவது எல்லாம் அங்கே. கீழே இருக்கும் காம்புதான் மூளைத்தண்டு. கட்டைவிரல் பருமன், ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம். அவ்வளவுதான். ஆனால் மூளையிலிருந்து கை கால்களுக்குப் போகும் கட்டளை, உடம்பிலிருந்து மூளைக்கு வரும் தகவல் எல்லாமே இந்தக் காம்பு வழியாகத்தான் போய்வர வேண்டும்.

காம்புக்கு மூன்று மாடிகள். மேல் மாடி நடுமூளை. நடு மாடிக்குப் பெயர் பான்ஸ். லத்தீனில் பாலம் என்று அர்த்தம். கீழ் மாடி முகுளம். முகுளத்துக்குக் கீழே மண்டை ஓட்டின் அடித்துளை வழியாகத் தண்டுவடம் இறங்குகிறது.

மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் நரம்புகள் 12 ஜோடி. மண்டை நரம்புகள் என்று பெயர். முதல் ஜோடி வாசனைக்கு, இரண்டாவது பார்வைக்கு. இவை இரண்டும் மேலே மூளையோடு நேரடியாகச் சேர்ந்துவிடுகின்றன. மீதி 10 ஜோடிக்கும் கணக்கு இந்தத் தண்டில்தான். அதிலும் பதினோராவது கொஞ்சம் விலகியே நிற்கும். தோளைத் தூக்க உதவும் அந்த நரம்பின் வேர் பெரும்பாலும் கழுத்துத் தண்டுவடத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு நரம்புக்கும் தண்டுக்குள் ஒரு தலைமையிடம் உண்டு. ஒரே வேலையைச் செய்யும் நரம்பு செல்கள் ஒரே இடத்தில் கூடி உட்கார்ந்திருக்கும். டாக்டர்கள் அதை 'நியூக்ளியஸ்' என்பார்கள். பள்ளியில் படித்த, செல்லுக்கு உள்ளே இருக்கும் உட்கரு அல்ல இது, செல்களின் கூட்டம். நாம் நரம்புக்கரு என்று வைத்துக்கொள்வோம். சில நரம்புகளுக்கு ஒரே கரு. சிலவற்றுக்கு மூன்று, நான்கு. சில கருக்களை இரண்டு மூன்று நரம்புகள் பங்குபோட்டுக்கொள்ளும்.

மருத்துவ மாணவர்கள் இதை மனப்பாடம் செய்யப் படும் பாடு தனிக்கதை. ஆனால் அடியில் இருக்கும் ஒழுங்கு எளிமையானது. அசைவுக்கான கருக்கள் தண்டின் நடுக்கோட்டை ஒட்டி இருக்கும். தொடுதல், கேட்டல், சுவை போன்ற உணர்வுக்கான கருக்கள் ஓரங்களில் இருக்கும். காரணம் கருப்பைக்குள் இருக்கிறது. சிசுவின் மூளை முதலில் ஒரு குழாயாகத்தான் உருவாகிறது. குழாயின் முன்பாதி அசைவுக்கு, பின்பாதி உணர்வுக்கு. பின்னர் மூளைத்தண்டு உருவாகும் இடத்தில், குறிப்பாக பான்ஸிலும் மேல் முகுளத்திலும், அந்தக் குழாய் புத்தகத்தை விரித்ததுபோலப் பின்பக்கம் திறந்துகொள்கிறது. பின்னால் இருந்த உணர்வுப் பகுதி ஓரத்துக்குப் போய்விடுகிறது. முன்னால் இருந்த அசைவுப் பகுதி நடுவில் நிற்கிறது. கருவில் இருக்கும் மூளை எப்படி அடுக்கடுக்காக உருவாகிறது என்பதை இன்று நாமே போனில் பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி-யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், சிசு மூளையின் 5,132 சீவல்களைப் படமாக்கி 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது.

இனி மாடி மாடியாக இறங்குவோம்.

மேல் மாடியில் மூன்றாவது, நான்காவது நரம்புகளின் கருக்கள். மூன்றாவது நரம்பு கண்ணை மேலே, கீழே, மூக்குப் பக்கம் திருப்பும், இமையைத் தூக்கும். அதன் கருவோடு ஒட்டி ஒரு குட்டிக் கரு இருக்கிறது. எடிங்கர், வெஸ்ட்பால் என்ற இரண்டு ஜெர்மானியர்களின் பெயர் அதற்கு. வெளிச்சம் பட்டதும் கண்மணியைச் சுருக்குவது அதன் வேலை. இந்தக் கட்டுரையில் அதிகம் வரப்போவது இந்தக் குட்டிதான்.

நான்காவது நரம்பு மண்டை நரம்புகளிலேயே மெல்லியது. தண்டின் பின்பக்கத்திலிருந்து வெளியே வரும் ஒரே நரம்பும் அதுதான். இது கெட்டால் கீழே பார்க்கும்போது உருவம் இரண்டாகத் தெரியும். மாடிப்படி இறங்கும்போது தடுமாறும். நாளெல்லாம் குனிந்து பாவையும் ஊடையையும் பார்க்கும் நெசவாளி இதைத் தறியில் உட்கார்ந்ததுமே கண்டுபிடித்துவிடுவார். ஓர் இழை இரண்டு இழையாகத் தெரியுமே!

நடு மாடியில் கூட்டம் அதிகம். முகத்தில் ஈ உட்கார்ந்தால் உணர்வதும், சோற்றை மெல்லுவதும் ஐந்தாவது நரம்பு. அதன் உணர்வுக்கரு ஒரே மாடியில் அடங்காமல் நடுமூளையிலிருந்து கழுத்துவரை நீண்டு கிடக்கிறது. கண்ணை வெளிப்பக்கம் திருப்புவது ஆறாவது. முகத்தின் தசைகளை அசைப்பது ஏழாவது. இதில் ஒரு வேடிக்கை: ஏழாவது நரம்பின் இழைகள் நேராக வெளியே வராமல், ஆறாவதின் கருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வெளியே வருகின்றன. அந்த இடத்தில் ஒரு சிறு அடைப்பு வந்தாலும் கண்ணும் முகமும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும். கேட்பதற்கும் நிலைதடுமாறாமல் நிற்பதற்கும் உரிய எட்டாவது நரம்பின் கருக்கள் நடு மாடிக்கும் கீழ் மாடிக்கும் நடுவில் இருக்கின்றன.

கீழ் மாடியில் விழுங்குவது, குரல், இருமல், நாக்கு. ஒன்பது, பத்து, பன்னிரண்டாம் நரம்புகள். தொண்டையையும் குரல்வளையையும் அசைக்கும் கருவுக்கு லத்தீனில் 'தெளிவில்லாதது' என்றே பெயர். நுண்ணோக்கியில் அதன் எல்லையைப் பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்ததாம். இதே மாடியில்தான் மூச்சுக்கான தாளத்தைப் போடும் செல்களும் உட்கார்ந்திருக்கின்றன. நாம் தூங்கும்போதும் மூச்சு ஓடுவது அவற்றின் தயவு.

சித்தப்பாவின் நெற்றிச் சுருக்கம்

கதைக்குத் திரும்புமுன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது வீட்டுக்கு வீடு உதவும்.

எங்கள் சித்தப்பா ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது தண்ணீர் ஒரு கடைவாயில் ஒழுகியது. வாய் கோணியிருந்தது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "காத்து பட்டிருக்கு" என்றார் ஒருவர். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் சொன்னது, "புருவத்தைத் தூக்குங்க." சித்தப்பா தூக்கினார். ஒரு பக்க நெற்றியில் சுருக்கம் விழுந்தது. கோணிய பக்கத்தில் நெற்றி வழவழவென்று அப்படியே இருந்தது. அந்தப் பக்கக் கண்ணையும் முழுதாக மூட முடியவில்லை.

இதில் டாக்டருக்கு என்ன தெரிந்தது? ஏழாவது நரம்பின் கருவில் நெற்றிக்கு ஒரு பகுதி, வாய்க்கு ஒரு பகுதி. வாய்ப் பகுதிக்கு மூளையின் எதிர்ப்பக்கத்திலிருந்துதான் பெரும்பாலும் கட்டளை வரும். நெற்றிப் பகுதிக்கோ மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். ஜக்கார்டு பெட்டியிலிருந்து ஓர் இழைக்கு இரண்டு கயிறு கட்டியதுபோல. பெருமூளையில் பக்கவாதம் வந்து ஒரு பக்கக் கயிறு அறுந்தாலும், இன்னொரு கயிறு நெற்றியைத் தூக்கிவிடும். அதனால் வாய் கோணும், நெற்றி தப்பிக்கும். கருவோ அதிலிருந்து வெளியே வரும் நரம்போ கெட்டால் முகத்தின் அந்தப் பாதி முழுவதும், நெற்றியோடு சேர்த்து, விழுந்துவிடும். சித்தப்பாவுக்கு வந்தது நரம்பு வீக்கம். பெல்ஸ் பால்ஸி என்பார்கள். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். முதல் மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன் தரும் மருந்து அது. மூட முடியாத கண் காய்ந்துவிடாமல் இருக்கச் சொட்டுமருந்தும் கொடுத்தார்கள். சில வாரங்களில் வாய் நேரானது.

உடனே கண்ணாடி முன் நின்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். பக்கவாதம் பான்ஸில் வந்து கருவையே தாக்கினால் நெற்றியும் விழும். வாய் திடீரென்று கோணினால், அதுவும் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை சேர்ந்திருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு.

மேலிருந்து கீழே

இனி ஐ.சி.யூ-வுக்குள் போவோம்.

மண்டை ஓடு மூடிய பெட்டி. அடிபட்டு மூளை வீங்கினால் விரிய இடமில்லை. அடித்துளையை நோக்கிக் கீழே நசுங்கும். அந்த நசுங்கலில் பெரும்பாலும் முதலில் மாட்டுவது மேல் மாடியின் மூன்றாவது நரம்பு. அதனால்தான் தலைக்காயப் பிரிவில் நர்ஸ்கள் மணிக்கொரு தரம் கண்ணில் டார்ச் அடிக்கிறார்கள். ஒரு பக்கக் கண்மணி விரிந்து நின்றுவிட்டால் ஆபத்து இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மூளைச்சாவுச் சோதனையும் மேல் மாடியில்தான் ஆரம்பிக்கும். பிரகாசமான வெளிச்சத்தைக் கண்ணில் காட்டுவார்கள். இரண்டாவது நரம்பு செய்தியைக் கொண்டுபோக வேண்டும். அந்த எடிங்கர் - வெஸ்ட்பால் குட்டி அதைக் கேட்டு, மூன்றாவது நரம்பு வழியாகக் கண்மணியைச் சுருக்க வேண்டும். இரண்டு கண்ணிலும் சுருங்கவில்லை என்றால் நடுமூளை பதில் சொல்லவில்லை.

அடுத்து பான்ஸ். பஞ்சு நுனியால் கருவிழியைத் தொடுவார்கள். ஐந்தாவது நரம்பு உணர வேண்டும். ஏழாவது இமையை மூட வேண்டும். புருவத்துக்கு மேல் உள்ள எலும்பை அழுத்துவார்கள். முகம் சுளிக்க வேண்டும். பிறகு காதில் அழுக்கோ ஓட்டையோ இல்லை என்று பார்த்துவிட்டு, சுமார் 50 மில்லி ஐஸ் தண்ணீரைக் காதுக்குள் மெதுவாக விடுவார்கள். கேட்கக் கொடூரமாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஆழ்ந்த கோமாவில் இருப்பவருக்கும் மூளைத்தண்டு உயிரோடு இருந்தால், குளிர்ந்த காதின் பக்கம் கண்கள் மெல்லத் திரும்பும். எட்டாவது நரம்பு தகவல் தர, ஆறாவதின் கருவும் எதிர்ப்பக்கத்து மூன்றாவதின் கருவும் பேசிவைத்துக்கொண்டு இரண்டு கண்ணையும் ஒன்றாக நகர்த்தும். அவற்றுக்கு நடுவே ஓடும் மெல்லிய நரம்புக் கற்றைதான் அந்தப் பேச்சைக் கடத்துகிறது. தண்டு செத்திருந்தால் கண்கள் நேராகவே நிற்கும்.

பிறகு முகுளம். தொண்டையின் பின்சுவரைத் தொட்டால் குமட்ட வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டால் இருமல் வர வேண்டும்.

கடைசியில் வருவது மூச்சு. ஆப்னியா டெஸ்ட். நீங்கள் மூச்சை அடக்கினால் கொஞ்ச நேரத்தில் தவிப்பு வருகிறதே, அதற்குப் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவது காரணமில்லை. கார்பன் டை ஆக்ஸைடு ஏறுவதுதான் காரணம். அதை மோப்பம்பிடிப்பது முகுளம். எனவே டாக்டர்கள் முதலில் நுரையீரலை 100 சதவிகித ஆக்சிஜனால் நிரப்புகிறார்கள். பிறகு வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, ஆக்சிஜனை மட்டும் குழாயில் விட்டுக்கொண்டு, சட்டையை விலக்கி மார்பையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எட்டு, பத்து நிமிஷம். சாதாரணமாக 40-ஐ ஒட்டி இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு அளவு 60-ஐத் தொட்ட பிறகும் மார்பு ஒருமுறைகூட எழவில்லை என்றால், முகுளமும் போய்விட்டது.

பெரியம்மா பார்த்த "நெஞ்சு ஏறி இறங்குது" மெஷின் தள்ளிய காற்று. அந்தப் பத்து நிமிஷம் அவரை உள்ளே கூப்பிட்டுக் காட்டியிருக்கலாமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். வெளிநாடுகளில் சில மருத்துவமனைகள் குடும்பத்தாரை அருகில் நிற்க அனுமதிக்கின்றன. நம் ஊரில் அது தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

சோதனை ஒருமுறை செய்தால் போதாது. 1994-ம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்ய வேண்டும். நான்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்யும் குழுவைச் சேர்ந்த யாரும் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. "கிட்னிக்காகக் கொன்னுட்டாங்க" என்று டீக்கடையில் பேசுபவர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வதுண்டு.

கட்டுவிரியன் செய்யும் ஏமாற்று

இந்தச் சோதனையில் பெரிய பொறி ஒன்று உண்டு. அது நம் வயல்காட்டுப் பக்கமே இருக்கிறது.

தரையில் பாய் விரித்துத் தூங்குபவரை ராத்திரியில் கட்டுவிரியன் கடித்துவிட்டுப் போகும். பல நேரம் கடித்தது தெரியாது. பல் பட்ட தடம்கூட இருக்காது. விடியும்போது இமை தூக்க முடியாது, பேச்சு வராது, மூச்சும் நிற்கும். வென்டிலேட்டரில் போட்டுப் பார்த்தால் கண்மணி சுருங்காது, இமை அசையாது, இருமல் இல்லை. அச்சு அசலாக மூளைச்சாவு மாதிரி. ஆனால் மூளைத்தண்டின் கருக்கள் எல்லாம் முழித்துக்கொண்டிருக்கின்றன. விஷம் அடைத்தது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை. உள்ளே கட்டளை கிளம்புகிறது, தசைக்குப் போய்ச் சேரவில்லை. அவருக்குச் சுற்றிலும் பேசுவதுகூடக் கேட்டுக்கொண்டிருக்கலாம்! இப்படிப்பட்டவர்கள் வென்டிலேட்டரில் சில நாள் தாங்கி எழுந்து நடந்திருக்கிறார்கள்.

அதனால்தான் டார்ச்சை எடுப்பதற்கு முன்பே ஒரு நிபந்தனை இருக்கிறது. மூளை எப்படிக் கெட்டது என்ற காரணம் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கேனில் காயம் தெரிய வேண்டும். மயக்க மருந்து, விஷம், உடம்பு அதிகம் குளிர்ந்துபோனது, சர்க்கரை உப்புக் கோளாறு எதுவும் இருக்கக் கூடாது. காரணம் தெரியாத கோமாவில் மூளைச்சாவு என்று எழுதவே கூடாது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், "என்ன காரணம்னு உறுதியாத் தெரியுமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

விரல் அசைந்தது!

இரண்டு சோதனைக்கு நடுவில் அண்ணனின் விரல்கள் துடித்தன. "அசையறான், அசையறான்" என்று அவர் தங்கை அலறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அது தண்டுவடத்தின் வேலை. மூளைத்தண்டு செத்த பிறகும் அதற்குக் கீழே உள்ள தண்டுவடம் கொஞ்ச காலம் உயிரோடு இருக்கலாம். சூடு பட்டால் கையை இழுப்பதுபோன்ற அனிச்சைச் செயல்களுக்கு மூளையின் அனுமதி தேவையில்லை. அரிதாகக் கைகள் மார்புவரை எழுவதுகூட உண்டு. முன்கூட்டியே யாராவது சொல்லிவைத்திருந்தால் அந்தப் பெண் அத்தனை நம்பி உடைந்திருக்க மாட்டாள்.

இதயமும் அப்படித்தான். அதன் தாளம் அதற்குள்ளேயே இருக்கிறது. மூளை வேகத்தைக் கூட்டும், குறைக்கும். ஆனால் துடிப்பைத் தருவது மூளை இல்லை. மெஷின் ஆக்சிஜன் தரும்வரை துடிக்கும். மூளைத்தண்டு போனபின் ரத்த அழுத்தம் தள்ளாடும். பெரும்பாலும் மணிக்கணக்கிலோ சில நாள்களிலோ இதயமும் நின்றுவிடும்.

"கோமாவுல பல வருஷம் இருந்து முழிச்சவங்க இருக்காங்களே?" என்று கேட்பார்கள். கோமா வேறு, மூளைச்சாவு வேறு. மும்பை கே.ஈ.எம் மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் நினைவிருக்கிறதா? 1973-ல் கொடூரமாகத் தாக்கப்பட்டவர், 2015-ல் இறக்கும்வரை 42 வருடம் அதே மருத்துவமனையில் படுக்கையில் இருந்தார். அவருக்குக் கெட்டது மேலே உள்ள பூ. காம்பு வேலை செய்தது. அவர் சொந்தமாக மூச்சு விட்டார். அவருடைய வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோதும், அவருக்கு மூளைச்சாவு இல்லை என்பதைத் தெளிவாகவே பதிவுசெய்தது.

எங்கள் ஊர்ப் பெயரை வரலாற்றில் நிறுத்தியவன் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன். ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே பாண்டியனை வென்று 'தெள்ளாறெறிந்த' என்ற பட்டம் பெற்றவன். நந்திக் கலம்பகத்தின் கடைசிப் பாட்டைக் கேட்டு முடித்ததும் அவன் உயிர் பிரிந்தது என்று கர்ணபரம்பரைக் கதை சொல்கிறது. கதையில் சாவுக்கு ஒரு துல்லியமான நொடி இருக்கிறது. வென்டிலேட்டர் வந்தபிறகு அந்த நொடி கலைந்துபோனது. 1959-ல் பாரிஸில் இரண்டு டாக்டர்கள், கோமாவையும் தாண்டிய ஒரு நிலை இருக்கிறது என்று எழுதினார்கள். 1968-ல் ஹார்வர்டு குழு ஒரு வரையறை கொடுத்தது. 1976-ல் பிரிட்டன் மருத்துவர்கள், மூளைத்தண்டைச் சோதித்தாலே போதும் என்று வகுத்தார்கள். இந்தியச் சட்டம் எடுத்துக்கொண்டது இந்த மூன்றாவது வழியைத்தான். இரண்டாவது ஆப்னியா டெஸ்ட் முடியும் நேரத்தையே பொதுவாக இறந்த நேரமாக எழுதுகிறார்கள்.

திருக்கழுக்குன்றத்துப் பையன்

தமிழ்நாட்டில் மூளைச்சாவு என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது ஹிதேந்திரன். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயதுப் பையன். 2008 செப்டம்பரில் பைக் விபத்தில் தலையில் அடி. அப்பா அசோகன், அம்மா புஷ்பாஞ்சலி, இருவருமே டாக்டர்கள். டார்ச் வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. உறுப்புகளைக் கொடுக்க முடிவெடுத்தார்கள். போலீஸார் சாலையைக் காலி செய்து கொடுக்க, அவன் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு நிமிஷங்களில் பறந்து, ஒரு சிறுமிக்குள் துடித்தது. மலையாளத்தில் 2011-ல் வந்த 'டிராஃபிக்' படத்துக்கும், அதன் தமிழ் வடிவமாக 2013-ல் வந்த 'சென்னையில் ஒரு நாள்' படத்துக்கும் பின்னால் இருப்பது இந்தச் சம்பவம்தான்.

அந்த ஆண்டுதான் தமிழ்நாடு அரசு, மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறுவதற்கான திட்டத்தை முறைப்படுத்தியது. யாருக்குக் கொடுப்பது என்பதை ஆஸ்பத்திரி முடிவுசெய்யாமல், பொதுவான காத்திருப்போர் பட்டியல் முடிவுசெய்யும் முறை வந்தது. 2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

எங்கள் தெருவில் கதை அப்படி முடியவில்லை. இரண்டாவது சோதனையிலும் எந்தப் புள்ளியும் பதில் சொல்லவில்லை. கவுன்சலர் வந்து மெதுவாகப் பேசினார். பெரியப்பா, "சின்னவன் துபாய்ல இருக்கான், அவன் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. மறுநாள் விடியும் முன் இதயம் நின்றுவிட்டது. சின்னவர் நேராகச் சுடுகாட்டுக்குத்தான் வந்தார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் கேட்டார்: "கண்ணுல லைட்டடிச்சு லைட்டடிச்சுப் பார்த்தாங்களே, அதுல என்னதாம்பா தெரியும்?"

பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பேரனைக் கூப்பிட்டேன். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து உட்காரவைத்து, அவன் கண்களை உள்ளங்கையால் கொஞ்ச நேரம் மூடினேன். "இப்ப பாருங்க பெரியம்மா" என்று கையை எடுத்தேன். கண்ணின் கறுப்பு சட்டென்று சுருங்கியது.

"இது நின்னுபோயிருந்துச்சு அண்ணனுக்கு."

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராட்டையை நகர்த்திவைத்துவிட்டு, பேரன் முகத்தை இழுத்துத் தன் கையாலேயே கண்களை மூடித் திறந்து, இன்னொரு தடவை பார்த்தார்.